எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாத மனிதர்

வீட்டை விட்டு வெளியே காலை வைத்த பிறகு அவரை யாராவது "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டால் அவ்வளவுதான். வைத்த காலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் திரும்பி வந்துவிடுவார். சப்பாத்தைக் கழற்றுவார். கதிரையில் உட்காருவார். ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பார். சுவர் மணிக்கூட்டில் ஐந்து நிமிடம் கழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, அன்றைக்கு அதற்கு முன் வெளிக்கிடவே இல்லை என்பதுபோல, புதிதாக எழுந்து, புதிதாகச் சப்பாத்துப் போட்டு, புதிதாக வெளிக்கிடுவார்.

யாழ்ப்பாணத்தில் இது பெரிய விசயமில்லை. பயணம் போகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டால் போகிற காரியம் சரிவராதாம். அறியாமல் இருக்கவே முடியவில்லை என்றால் "தூரவோ?" என்று மட்டும் கேட்பார்கள். "ஓம், கொஞ்சம் தூரம்" என்று போகிறவர் சொல்லுவார். கேட்டவருக்கும் ஒன்றும் விளங்காது, சொன்னவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் திருப்தி.

ஆனால் இவர் இருந்தது லண்டனில். லண்டனிலே உங்களைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். நீங்களும் அண்ணை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் நடுவில், பிளேஸ்டோவில் ஒரு நீண்ட வீட்டு வரிசையில், அவருடைய வீட்டின் மேல்மாடியில் ஒரு சின்ன அறையில் நான் இருந்தேன். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை, பெற்றோல் ஷெட்டில் வேலை. கீழே அண்ணை, அவருடைய மனைவி, மகள் வதனி. வதனிக்கு ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அந்த இடைவெளியால் விசில் அடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு, அதாவது அண்ணையின் மனைவிக்கு, ஆசுப்பத்திரியில் துப்புரவு வேலை. வெள்ளிக்கிழமை இரவு ஷிப்ட். சனிக்கிழமை காலையில் வந்து படுத்தால் பின்னேரம்தான் எழும்புவார். வீட்டிலே சத்தம் இருக்கக்கூடாது. வதனி இருக்கும் வீட்டில் சத்தம் இல்லாமல் இருக்க முடியாது. ஆகவே சனிக்கிழமைகளில் அண்ணை மகளைக் கூட்டிக்கொண்டு லண்டன் பார்க்கப் போவார்.

அக்கா நித்திரைக் கண்ணோடு கேட்பார்: "தூரவோ?"

"ஓம், கொஞ்சம் தூரம்."

"சாப்பாடு?"

"இடியப்பம் கட்டியாச்சு."

இப்படித்தான் தொடங்கும். எப்படி முடியும் என்றுதான் யாருக்கும் தெரியாது.

முதல் தடை பக்கத்து வீட்டிலேயே இருந்தது. அங்கே ஒரு ஆங்கிலேய மூதாட்டி தனியாக வசித்தார். தங்கமான மனுசி. காலை முழுக்க முன்பக்கத்துத் துண்டு நிலத்தில் ரோசாச் செடிகளோடு நிற்பார். அண்ணையும் மகளும் வெளியே வந்தால், கையில் கத்தரிக்கோலோடு நிமிர்ந்து, முகம் மலர்ந்து, "எங்காவது நல்ல இடத்துக்குப் போகிறீர்களா, கண்ணுகளா?" என்பார். அது அவர்கள் ஊர் மரியாதை. நாங்கள் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பதுபோல.

அண்ணை சிரிப்பார், தலையை ஆட்டுவார், திரும்பி உள்ளே போவார். தண்ணீர். ஐந்து நிமிடம். மறுபடி வெளியே வருவார். மூதாட்டி அதே செடியில்தான் நிற்பார்.

"எங்காவது நல்ல இடத்துக்கா?"

மறுபடி உள்ளே. மறுபடி தண்ணீர்.

ஒரு சனிக்கிழமை இப்படி நான்கு முறை நடந்தது. நான்காவது தம்ளரைக் குடித்தபிறகு உண்மையாகவே மூத்திரம் முட்டி, அதற்காகவும் ஒருமுறை திரும்பி வந்தார். அடுத்த வாரம் மூதாட்டி அக்காவை மதிலோரம் மெல்லக் கூப்பிட்டு, "உங்கள் கணவர் கூச்சப்படவே தேவையில்லை, என் காலஞ்சென்ற கணவருக்கும் இதே வருத்தம்தான், டொக்டரிடம் நல்ல குளிசை இருக்கிறது" என்று சொன்னாராம்.

அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "தெருவிலை இனி எனக்குத் தலை காட்ட ஏலாது. அந்த மனுசி என்ன நினைச்சுக்கொண்டிருக்கு எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"அவ நினைக்கிறதை நினைக்கட்டும்," என்றார் அண்ணை. "காரியம் பிழைக்கக்கூடாது."

"என்ன காரியம்? புறாவுக்கு இடியப்பம் போடுற காரியமோ?"

அண்ணை திரும்பி மகளைப் பார்த்தார். அன்றைக்குப் போனது புறாக்கள் நிற்கும் சதுக்கத்துக்குத்தான் என்பதை வதனி சொல்லிக்கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது.

இரண்டாவது தடை பஸ். அந்தக் காலத்துச் சிவப்பு இரட்டைத்தட்டு பஸ்ஸில் பின்பக்கம் கதவே இருக்காது. நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு கொண்டக்டர் வயிற்றிலே ரிக்கெற் மெஷினைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். வந்து என்ன கேட்பார்? அதையேதான் கேட்பார்.

அண்ணை உடனே மணியை அடித்து மகளோடு இறங்கிவிடுவார். வீடு கிட்ட இருந்தால் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார். வீடு தூரமென்றால், பையிலிருந்து ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து, தெருவிலேயே ஒரு மதிலில் உட்கார்ந்து குடிப்பார். பிறகு அடுத்த பஸ்ஸுக்கு நடப்பார்.

ஒருமுறை அவருக்கு ஒரு யோசனை வந்தது. போகவேண்டிய இடத்தை ஒரு கடதாசித் துண்டில் எழுதி, கொண்டக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே நீட்டிவிடுவது. அப்போது யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. "எப்பிடி என்ரை மூளை?" என்று என்னிடம் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொண்டக்டர் கடதாசியைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். காது கேளாத மனிதர் என்று முடிவெடுத்துவிட்டார். பிறகு உதவி செய்யும் எண்ணத்தோடு குனிந்து, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கத்தினார்: "நீங்கள்! எங்கே! போகிறீர்கள்!"

சாதாரணமாகக் கேட்டால் ஒரு தம்ளர் தண்ணீர். இப்படிக் கேட்டதற்கு அண்ணை அரைப் போத்தல் குடித்தார்.

தலைமயிர் வெட்டப்போன இடத்திலும் இதுதான். கத்தரிக்கோல்காரர் பேச்சுக்கு, "இந்த வருடம் விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார். வெளிக்கிட்டது தலைமயிர் வெட்டத்தானே, அதற்கும் விடுமுறைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். "கேள்வி கேள்விதான் தம்பி," என்றார் அண்ணை, ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு. மற்றப் பக்கத்தை அக்கா குசினியில் வைத்து வெட்டினார். அதற்குப் பிறகு இரண்டு கிழமை அவர் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தார்.

இதையெல்லாம் வாசிக்க, அவர் மகளை ஏமாற்றிக்கொண்டு திரிந்தார் என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படியில்லை. அடிக்கடி இறங்கி நடந்ததால் அந்த இரண்டு பேரும் பார்த்த லண்டனை வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கால்வாயில் படகு மேலே ஏறுவதற்குத் தண்ணீரைக் கதவு போட்டு மறிக்கிறார்களே, அந்த இடத்தை வதனிக்குத் தெரியும். பொம்மைகளுக்கு மட்டும் கை கால் திருத்தும் கடை எங்கே என்று தெரியும். எந்த மதிலில் உட்கார்ந்தால் சூடாக இருக்கும், எதில் உட்கார்ந்தால் நாய் குரைக்கும் என்றும் தெரியும். "போக நினைச்ச இடத்துக்குப் போறது ஆரும் செய்வினம்," என்பார் அண்ணை. "நாங்கள் நினைக்காத இடமெல்லாம் பாத்திட்டம்."

ஒருநாள் நான் நேரே கேட்டேன். "அண்ணை, உண்மையாவே நம்புறியளோ இதை?"

அவர் சப்பாத்து லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "நம்புறது நம்பாதது இல்லை தம்பி. கடைசி வருசம் ஊரிலை வாசலாலை வெளிக்கிட்டா, சந்திக்குச் சந்தி ஆமிக்காரன் துவக்கோடை நிண்டு உந்த ஒரு கேள்விதான். எங்கை போறாய்? கடைக்குப் போறன். எங்கை போறாய்? ஆசுப்பத்திரிக்குப் போறன். அடுத்த சந்தியிலையும் எங்கை போறாய். ஒருநாள் பதில் சொன்ன பிறகும் என்னைப் போக விடேல்லை. பின்னேரம்வரை வெயிலிலை முழங்காலிலை இருந்தனான். அதுக்கு முந்தி எனக்கும் உது சும்மா அம்மா சொன்ன கதைதான்."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "அதோடை, தண்ணி உடம்புக்கும் நல்லது," என்றார்.

இனி டைனோசர் கதைக்கு வருகிறேன்.

வதனியின் வகுப்பில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நாலைந்து பிள்ளைகள் எழுந்து நின்று, தாங்கள் லண்டனில் போய்ப் பார்த்த ஓர் இடத்தைப் பற்றிப் பேசவேண்டும். ஒரு பையன் கோபுரப் பாலம் பற்றிப் பேசினான். ஒரு பெண் மிருகக்காட்சிசாலையில் பென்குயின் தன் சப்பாத்தைக் கொத்தியதைப் பேசினாள். வதனி கையை உயர்த்தி, தான் டைனோசரைப் பற்றிப் பேசப்போவதாகச் சொல்லிவிட்டாள். பெரிய மியூசியம் ஒன்றின் நடு மண்டபத்தில் வாசலிலிருந்து படிக்கட்டு வரைக்கும் நீளமான ஒரு எலும்புக்கூடு நிற்கிறது, அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று.

முதல் சனிக்கிழமை, ரோசாச்செடி மூதாட்டி. மத்தியானமாகிவிட்டது. அந்தத் திங்கட்கிழமை வதனி வகுப்பில் எழுந்து நின்று, "நாங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்" என்று சொன்னாளாம்.

இரண்டாவது சனிக்கிழமை, பஸ் கொண்டக்டர்கள் மூன்று பேர். "நாங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்."

மூன்றாவது சனிக்கிழமை நிலக்கீழ் ரயிலில் போகலாம் என்று போனார்கள். ரிக்கெற் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கேட்டுவிட்டார். திங்கட்கிழமை வதனி எழுந்து நின்றபோது, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே வகுப்பு முழுவதும் ஒன்றாகச் சொன்னதாம்: "இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள்!"

அன்றைக்கு அவள் பாடசாலையிலிருந்து வந்து சாப்பிடவில்லை. கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டாள். அண்ணை தரையில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்துக் கெஞ்சினார்.

"வெளியிலை வா பிள்ளை. இந்தச் சனி கட்டாயம் போறம்."

"பொய்."

"அப்பா பொய் சொல்லுவனோ?"

"இனி ஒரு திங்கள்தான் இருக்கு. பிறகு பள்ளிக்கூட லீவு. நான் மட்டும்தான் ஒண்டும் சொல்லாத பிள்ளை." பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது: "டைனோசர் இருக்கிறது உண்மையோ அப்பா? இல்லாட்டி அதுவும் பொய்யோ?"

அண்ணை எழுந்து, முழங்கால் தூசைத் தட்டிக்கொண்டு, நேரே மேல்மாடிக்கு என் அறைக்கு வந்தார். "தம்பி, சனிக்கிழமை உனக்கு லீவுதானே? நீ வாறாய். ரிக்கெற் நீ எடு. கேட்டா உன்னட்டைத்தான் கேப்பான். நீ சொல்லு. எனக்கு ஒண்டுமில்லை."

"எனக்குக் காரியம் பிழைக்காதோ?"

"உனக்கென்ன காரியம்? நீ சும்மா வாறாய்."

சனிக்கிழமை பெரிய ஆயத்தம். வெளிக்கிடும்போது மத்தியானம் கழிந்துவிட்டது. பின்பக்கத்துக் கதவால் வெளிக்கிட்டு, குப்பைத் தொட்டிகள் வைக்கும் ஒழுங்கையால் போனோம். அன்றைக்கென்று பின்பக்கத்தில் நின்ற மூதாட்டியின் தொப்பி மட்டும் மதிலுக்கு மேலே தெரிந்தது. மூன்று பேரும் குனிந்து நடந்தோம். நிலையத்தில் நான் ரிக்கெற் எடுத்தேன். அண்ணை மகளோடு தூரத்தில் நின்று, எனக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல ஒரு விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தார். ரயில் வந்தது. ஏறினோம். வதனி நடுவில், நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கம். இடையில் மாறவேண்டியதில்லை, சவுத் கென்சிங்டன் வரைக்கும் நேரே போகலாம். ஒவ்வொரு நிலையமாகக் கழியக் கழிய அண்ணையின் முகம் விரிந்துகொண்டே வந்தது. மகளின் காதில், "கிட்டுது, கிட்டுது" என்றார். வதனி பல் இடைவெளியால் விசில் அடித்தாள்.

டவர் ஹில் நிலையத்தில் ரயில் நின்றது. இறங்குவதற்கு எழுந்தவர்களில் ஒரு தமிழர் இருந்தார். அண்ணையோடு முன்பு ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். வாசலை நோக்கிப் போனவர் எங்களைக் கண்டுவிட்டார்.

"அட, நீங்களே! கண்டு எவ்வளவு காலம்! என்ன, குடும்பமா வெளிக்கிட்டு எங்கை போறியள்?"

கேட்டுவிட்டு, பதிலுக்கும் நிற்காமல், கையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அண்ணையின் முகத்தை நான் பார்த்தேன். வெள்ளைக்காரர் கேட்டால் தெரியாமல் கேட்கிறார்கள். கொண்டக்டர் கேட்டால் அவர் வேலை. இது எங்கள் ஆள். எல்லாம் தெரிந்த ஆள். அண்ணைக்கு வேறு யோசனையே ஓடவில்லை. எழுந்தார். பக்கத்திலிருந்த கையைப் பிடித்தார். இழுத்துக்கொண்டு பாய்ந்து இறங்கினார். பின்னால் கதவு மூடியது.

பிளாட்பாரத்தில் நின்று, "அவன்தான் கேக்கலாமோ? லண்டன் வந்தா எல்லாத்தையும் மறந்துபோறதோ?" என்று பொரிந்துகொண்டே குனிந்து மகளைப் பார்த்தார். மகள் இருக்கவேண்டிய இடத்தில் என் இடுப்பு இருந்தது. அவர் பிடித்து இழுத்துவந்தது என் கையை.

ரயில் நகரத் தொடங்கியது. ஜன்னலில் வதனி. அழவில்லை. ஆசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, பயணம் அனுப்ப வந்தவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்து, ஒரு கையை உயர்த்தி ஆட்டினாள்.

அண்ணை ரயிலோடு ஓடினார். கண்ணாடியில் கையால் அடித்தார். பிளாட்பாரம் முடிந்த இடத்தில் நின்று, சுரங்கத்துக்குள் போன சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து, "பிள்ளை! பிள்ளை!" என்று கத்தினார். ஆறு வயதுப் பிள்ளை. இவ்வளவு பெரிய நகரம். எந்த நிலையத்தில் இறங்கவேண்டும் என்று அவளுக்கு நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. போகிற இடத்தை வாயால் சொல்வதும் கூடாது என்பது அண்ணையின் சட்டம்.

நிலைய அலுவலர் ஒருவர் ஓடிவந்தார். உயரமான கறுப்பினத்தவர், நரைத்த மீசை, மெதுவான பேச்சு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தியதிலிருந்து, பிள்ளை ரயிலோடு போய்விட்டது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

"சரி ஐயா. எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள்?"

அண்ணையின் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. சத்தம் வரவில்லை. நான் முந்திக்கொண்டு, "சவுத்..." என்றேன். அலுவலர் என்னை நோக்கிக் கையைக் காட்டினார்.

"நீங்கள் தகப்பனா?"

"இல்லை, மேல்மாடியில் இருக்கிறேன்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "நான் தகப்பனைக் கேட்கிறேன். ஐயா, எங்கே போகிறீர்கள்?"

அண்ணையின் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. உள்ளே எங்கேயோ பூட்டிவைத்திருந்ததைப் பெயர்த்து எடுப்பதுபோல, பிளாட்பாரம் முழுக்க எதிரொலிக்கும்படி கத்தினார்:

"டைனோசர்! டைனோசரிட்டைப் போறம்! என்ரை பிள்ளை டைனோசர் பாக்கப் போறாள்! சவுத் கென்சிங்டன்! சவுத் கென்சிங்டன்!"

ஒருமுறை வாய் திறந்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் நின்ற பயணிகளிடமும் போய்ச் சொன்னார். குப்பை கூட்டிக்கொண்டிருந்தவரிடமும் சொன்னார். அலுவலர் தொலைபேசியில் பேசினார். ஒவ்வொரு நிலையமாகச் சொல்லிவைக்கச் சொன்னார். சிவப்புக் கம்பளிச் சட்டை, முன்பல் இல்லை, டைனோசர்.

நாங்கள் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அண்ணையின் பையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. நான் எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "அவளுக்கு என்னிலை கோபம்," என்று மட்டும் சொன்னார். "அதுதான் கை காட்டினவள்."

தொலைபேசி அடிக்கும்வரை எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அலுவலர் எடுத்தார். கேட்டார். மீசை அசைந்தது. கேட்கக் கேட்கச் சிரிப்பு வந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

"கிடைத்துவிட்டாள். சரியான இடத்தில்தான் இறங்கியிருக்கிறாள். டைனோசருக்கு எங்கே இறங்குவது என்று பெட்டியில் இருந்த எல்லோரையும் கேட்டிருக்கிறாள். ஒரு அம்மா கூட்டிப்போய் நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறார்." அவர் இன்னொரு முறை தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, எங்களைப் பார்த்தார். "உங்களுக்கு ஒரு செய்தியும் சொல்லியிருக்கிறாள். அப்பா வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிக்காமல் நேரே வரவேண்டுமாம். இது உங்களுக்கு விளங்குகிறதா?"

"விளங்குது, விளங்குது," என்றார் அண்ணை, தமிழிலேயே.

அடுத்த ரயிலில் ஏறினோம். அண்ணை உட்காரவில்லை. ரிக்கெற் பரிசோதகர் ஒருவர் வந்தபோது, அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, "சவுத் கென்சிங்டன்! டைனோசர்!" என்றார். பரிசோதகர் ரிக்கெற்றைப் பார்க்காமலே அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

நிலையத்து அறையில் வதனி ஒரு சுழல்கதிரையில் இருந்தாள். கால் தரையில் முட்டவில்லை. கையில் பிஸ்கற். அண்ணை ஓடிப்போய் முழங்காலில் இருந்து அவளைக் கட்டிப்பிடித்தார். அவள் பிஸ்கற் நொறுங்காமல் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் பிள்ளை இறங்கேல்லை? அப்பா கையைப் பிடிச்சனான் எல்லோ?"

"நான் கையை ஒளிச்சுப்போட்டன்." இரண்டு கையையும் எப்படித் தொடைக்குக் கீழே வைத்தேன் என்று காட்டினாள். "அந்த மாமா கேட்ட உடனை எனக்குத் தெரியும், நீங்கள் இறங்குவியள் எண்டு."

"பயப்பிடேல்லையோ?"

அவள் யோசித்தாள். "கொஞ்சம். சுரங்கத்துக்கை இருட்டேக்கை." பிறகு உதடு கோணியது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அண்ணை அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "பிழை, பிழை, அப்பாவிலைதான் பிழை," என்று முதுகைத் தடவிக்கொண்டே படியேறினார். அந்த வாசகத்தை அவர் சொல்லி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

மியூசியத்துக்குள் நாங்கள் போனபோது பூட்டுவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மண்டபம் கோயில் போல உயரமாக இருந்தது. நடுவில் அது நின்றது. எனக்கு இப்போதும் அதன் வால்தான் ஞாபகம். முடியவே முடியாத வால். வதனி தகப்பனின் தோளிலிருந்து இறங்கினாள். தலையிலிருந்து வால்வரை நடந்தாள், பிறகு வாலிலிருந்து தலைவரை நடந்தாள். திங்கட்கிழமைக்கு ஒவ்வொரு எலும்பாக எண்ணிக்கொண்டு போனாள். முதல் வட்டத்தில் எண்ணிக்கை தப்பி, மறுபடி தொடங்கினாள்.

மூன்றாவது வட்டத்தில் தகப்பனிடம் வந்து நின்றாள். அந்த மிருகம் ஒரு காலை முன்னுக்கு வைத்து, கழுத்தை நீட்டி, நடந்துகொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது போல இருந்தது.

"அப்பா, இது எங்கை போய்க்கொண்டிருந்தது?"

கேட்டுவிட்டு, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணை அவளுடைய கையை வாயிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார். தானும் எலும்புக்கூட்டைத் தலையிலிருந்து வால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"தெரியேல்லை பிள்ளை," என்றார். "பாவம், இதிட்டையும் ஆரோ கேட்டுப்போட்டாங்கள் போலை. தண்ணி குடிக்க வீடும் கிட்ட இல்லையாக்கும்."

வதனி முதலில் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் பகிடிதான் விடுகிறார் என்று தெரிந்ததும் சிரிக்கத் தொடங்கினாள். பல் இல்லாத வாயால் அவள் சிரித்த சிரிப்பு அந்தக் கூரைவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. மண்டபத்தின் அந்தப் பக்கம் நின்ற காவலாளிகூடத் திரும்பிப் பார்த்தார். அண்ணை அவரைப் பார்த்துக் கையை ஆட்டி, யாரும் கேட்காமலே சொன்னார்:

"வீட்டை போறம். பிளேஸ்டோவுக்கு. அஞ்சு நிமிசத்திலை."